கோகுவின் தலைமுடியை வெட்டிய பதிப்பு வேண்டாம்

கேள்வி: பள்ளி நாட்களில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்த ‘டிராகன் பால் இசட்’ என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடரை முழுதாக மறுபடி பார்க்க ஆசை. டிஸ்க்காகவே வாங்கி வைத்துக்கொள்ள நினைக்கிறேன். டிவி திரை முழுவதையும் நிரப்புகிற, ஒரு புள்ளிகூட இல்லாமல் பளிச்சென்று இருக்கிற ப்ளூரே பதிப்பு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது. என் நண்பனோ, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிற பழைய டிவிடி பெட்டியைத்தான் வாங்கச் சொல்கிறான். விலை பல மடங்கு அதிகம். இது வெறும் பழமை மோகம்தானே?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. திரை நிரம்பியிருக்கிறது என்று நீங்கள் சந்தோஷப்படும் அந்தப் பதிப்பில் உங்களுக்குக் கிடைப்பது குறைந்த படம். மேலேயும் கீழேயும் வெட்டித்தான் திரையை நிரப்பியிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். இந்தத் தொடர் 1989 ஏப்ரல் முதல் 1996 ஜனவரி வரை ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் ஓடியது. மொத்தம் 291 அத்தியாயங்கள். அன்றைய டிவி திரை நாலுக்கு மூன்று, இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. நாலு அடி அகலமும் மூன்று அடி உயரமும் உள்ள ஒரு படத்தை, அகலத்தைக் குறைக்காமல் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தால் உயரத்தில் இரண்டேகால் அடிதான் மிஞ்சும். முக்கால் அடி போய்விடும். அதாவது, கால் பங்கு படம். ஃபிலிமின் இரண்டு ஓரங்களிலும் பழைய ஒளிபரப்பில் தெரியாத ஒரு கீற்று இந்தப் பதிப்புகளில் கூடுதலாகத் தெரிகிறதே என்று நியாயம் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கீற்றில் எந்தச் சண்டையும் நடக்கவில்லை. வெட்டுப்பட்ட இடத்தில்தான் நடக்கிறது.

கதாநாயகன் கோகுவும் அவன் எதிரி வெஜிட்டாவும் முதன்முதலாக மோதும் சண்டையை நினைத்துப் பாருங்கள். பாறைகள் நிறைந்த பொட்டல்வெளி. வெஜிட்டா வானத்தில் உயரே போய், பூமியையே பொடியாக்கிவிடும் வெறியோடு தன் கதிரைக் கீழ்நோக்கி விடுகிறான். கோகு தரையில் கால் ஊன்றி நின்று, பலத்தைப் பெருக்கும் காயோகென்னை மூன்று மடங்காக்கி, கமேஹமேஹா என்ற கதிரை மேல்நோக்கி விடுகிறான். அது போதவில்லை என்றதும் நான்கு மடங்காக்குகிறான். இந்தச் சண்டை முழுவதும் செங்குத்தாக நடக்கிறது. மேலே ஒருவன், கீழே ஒருவன், நடுவில் இரண்டு ஒளிகளும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம். வானம் எவ்வளவு உயரம் என்று தெரிந்தால்தான் கோகு எவ்வளவு தாழ்ந்த இடத்தில் மாட்டியிருக்கிறான் என்று புரியும். வெட்டிய பதிப்பில் அந்த உயரம் இல்லை.

சூப்பர் சயான் என்ற பலம் கூடிய வடிவத்துக்கு மாறியதும் முடி எந்தத் திசையில் நிற்கிறது? மேல்நோக்கி. ஸ்பிரிட் பாம் என்ற ஒளி உருண்டைக்காகக் கோகு கையை எங்கே தூக்குகிறான்? தலைக்கு மேல். இந்தத் தொடரின் முக்கியமான தருணங்கள் எல்லாமே ஃப்ரேமின் மேல் பாதியில் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு 16 என்ற இயந்திர மனிதனின் தலையை வில்லன் மிதித்து நசுக்க, கோகுவின் மகன் கோஹான் அலறி, அவன் முடி சிலிர்த்து எழுகிற காட்சியில், எழுகிற முடி திரையின் விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? வரைந்தவர் நெற்றிக்கு மேல் விட்டிருந்த இடம் காலியிடம் இல்லை, அந்த முடி எழுவதற்காகவே விட்ட இடம். வீட்டுக் கல்யாண போட்டோ புது ஃப்ரேமுக்குள் அடங்கவில்லை என்று பின்வரிசையில் நிற்கும் தாத்தாவின் தலையை வெட்டி மாட்டுவோமா?

அடுத்தது நீங்கள் மெச்சிக்கொள்ளும் அந்தப் பளிச். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

இந்தப் படம் எப்படி உருவானது என்று கொஞ்சம் பார்ப்போம். முதலில் தாளில் பென்சிலால் வரைவார்கள். அந்தக் கோட்டை ஒளிபுகும் செல்லுலாய்டு தாளுக்கு மாற்றி, பின்பக்கத்தில் வண்ணம் பூசுவார்கள். தூரிகையால் தனியாகத் தீட்டிய பின்னணி ஓவியத்தின் மேல் அதை வைத்து, கேமராவுக்குக் கீழே ஒவ்வொரு ஃப்ரேமாகப் படம் பிடிப்பார்கள். டிவி தொடர் என்பதால் 16 எம்எம் ஃபிலிம். அந்த ஃபிலிமுக்கே உரிய பொடிப் பொடியான மணிகள்தான் உங்கள் கண்ணுக்குப் ‘புள்ளி’யாகத் தெரிகின்றன. அது அழுக்கு இல்லை. படமே அந்த மணிகளால்தான் ஆகியிருக்கிறது.

அதைத் துடைக்க வந்த மென்பொருளுக்குக் கோகு யார், தூசி எது என்று தெரியாது. ஒரு ஃப்ரேமில் இருந்து அடுத்த ஃப்ரேமில் மாறிவிடுகிற சின்ன விஷயம் எதுவானாலும் அதற்குச் சந்தேகம்தான். அளவாகப் போட்டால் பரவாயில்லை. இந்தப் பதிப்புகளில் அளவே இல்லை. கன்னத்து நிழலுக்காக இழுத்த மெல்லிய கோடுகள் பாதியில் அறுந்து நிற்கின்றன. பின்னணிப் பாறையில் தூரிகை போன தடம் குழைந்து மெழுகு பூசியது போல ஆகிறது. மனிதர் கையால் இழுத்த கோட்டில் அழுத்தம் ஏறி இறங்கும். ஆரம்பத்தில் தடித்து முடிவில் கூராகும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்கத்தானே ஐயா நாம் கையால் வரைந்த தொடருக்குத் திரும்பிப் போகிறோம்? வழவழப்பான படம்தான் வேண்டும் என்றால் இன்றைக்குக் கம்ப்யூட்டரில் உருவாகும் தொடர்கள் எத்தனையோ இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறு வயதில் இதைப் பார்த்தபோது, ஒரு வாரம் கோகுவின் முகம் கூர்மையாகவும் அடுத்த வாரம் உருண்டையாகவும் இருப்பது நமக்கு உறைக்கவில்லை. இப்போது பார்த்தால் சட்டென்று தெரியும். தொடரின் நெடும்பகுதிக்குப் பாத்திரங்களை வடிவமைத்தவர் மினோரு மயேதா. ஆனால் தொடரைத் தயாரித்த டோயி அனிமேஷனில் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒவ்வொரு குழு வரையும். கோடுகளைத் திருத்தி ஒழுங்குபடுத்தும் மேற்பார்வையாளரும் மாறிக்கொண்டே இருப்பார். கட்சுயோஷி நகாட்சுரு வரையும்போது தசையும் துணி மடிப்பும் நிஜமான எடையோடு இருக்கும். நவோதோஷி ஷிதா கைவைத்த சண்டைகளில் உடல்கள் நீண்டு வளைந்து பறக்கும். மசாயுகி உச்சியாமா மேற்பார்த்த அத்தியாயங்களில் முகங்கள் கொஞ்சம் விறைப்பாக, கோணலாக இருக்கும். அவரைக் கேலி செய்கிற ரசிகர்கள் ஏராளம். நான் செய்ய மாட்டேன். வாரம் தவறாமல் ஒளிபரப்பான தொடரில் அவர் வரைந்து தள்ளிய அளவைப் பார்த்தால் மரியாதைதான் வருகிறது. இப்படி ஆளுக்கு ஆள் கை மாறுவதைக் கண்டுபிடிப்பதுதான் மறுபடி பார்ப்பதில் எனக்குப் பெரிய சுகம். மென்பொருள் எல்லாக் கோட்டையும் ஒரே மாதிரி மழித்துவிட்டால் எது யாருடைய கை என்று எப்படிச் சொல்வது?

தொடரில் இழுவை இல்லையா என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. தொடருக்கு மூலமான அகிரா தோரியாமாவின் காமிக்ஸ் வாராவாரம் வந்துகொண்டிருந்தபோதே இதையும் எடுத்தார்கள். காமிக்ஸை முந்திவிடக் கூடாது என்பதால் முறைத்துப் பார்ப்பதிலும் கத்துவதிலும் நேரத்தை ஓட்டினார்கள். நாமெக் கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று வில்லன் ஃப்ரீசா சொன்ன பிறகு ஏறக்குறைய பத்து அத்தியாயங்கள் ஓடுகின்றன. அதே சமயம், கோகுவும் அவன் தோழன் பிக்கோலோவும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் அத்தியாயமும் காமிக்ஸில் இல்லாத இடைச்செருகல்தான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இழுவை தாங்காதவர்களுக்காக 2009-இல் டோயி நிறுவனமே ‘டிராகன் பால் காய்’ என்று சுருக்கிய வடிவத்தைக் கொண்டுவந்தது. கதையை வேகமாக முடிக்க அது உதவும். ஆனால் அதில் சில காட்சிகளைக் கம்ப்யூட்டரில் மறுபடி கோடு இழுத்துச் சேர்த்திருக்கிறார்கள். பழைய படத்துக்கு நடுவே அவை ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். ஷுன்சுகே கிகுச்சியின் பழைய பின்னணி இசையையும் முதலில் மாற்றிவிட்டார்கள். புது இசையமைப்பாளர் மேல் காப்பியடித்த புகார் வந்ததும் 2011-இல் கிகுச்சியின் இசைக்கே திரும்ப வேண்டி வந்தது.

சரி, எதை வாங்குவது? அமெரிக்காவில் ஃபனிமேஷன் 2007 முதல் ஆரஞ்சு நிறப் பெட்டிகளில் ஒன்பது பாகமாக வெளியிட்ட டிவிடிகள் வெட்டிய பதிப்பு. 2013-இல் தொடங்கி வந்த ப்ளூரேக்களும் அதே கதைதான். நீங்கள் சொல்வது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டையும் தொடாதீர்கள். நடுவில் 2011-இல் அதே நிறுவனம் ஒவ்வொரு ஃப்ரேமாகச் சுத்தம் செய்து, நாலுக்கு மூன்று வடிவத்தைக் காப்பாற்றி, மணிகளையும் விட்டுவைத்து ‘லெவல்’ என்ற பெயரில் ப்ளூரே கொண்டுவந்தது. மிக நல்ல வேலை. செலவு தாங்காமல் இரண்டே தொகுதிகளோடு நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

உங்கள் நண்பர் சொல்வது ‘டிராகன் பாக்ஸ்’. ஜப்பானில் 2003-இலும், அமெரிக்காவில் 2009 முதல் ஏழு பெட்டிகளாகவும் வந்தது. முழுப் படமும், அடுத்த வார முன்னோட்டங்களும் அதில் இருக்கின்றன. டிவிடிதான், ப்ளூரே அளவுக்குத் துல்லியம் இருக்காது. ஆனாலும் அதுதான் இந்தத் தொடருக்கு மிக நேர்மையான முழுப் பதிப்பு. இப்போது அச்சில் இல்லாததால்தான் அந்த விலை. அது எட்டாது என்றால் 2019-இல் வந்த 30-ஆம் ஆண்டு ப்ளூரே தொகுப்பைத் தேடுங்கள். மணிகளைத் துடைத்த பாவம் அதிலும் உண்டு, ஆனால் படம் நாலுக்கு மூன்று வடிவத்தில் இருக்கிறது. கோகுவுக்கு முடியாவது மிஞ்சும்.

காசு கட்டும் முன், டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். அமெரிக்க டிவிடி மண்டலம் 1, நம்முடையது 5. ப்ளூரேயில் அமெரிக்கா ஏ, நாம் சி. எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயர் இல்லாமல் வாங்கினால் டிஸ்க் அலமாரியில்தான் இருக்கும்.

அப்புறம், டிஸ்க்கைப் போட்டதும் டிவி ரிமோட்டைக் கையில் எடுங்கள். பல டிவிகள் நாலுக்கு மூன்று படத்தைத் தானாகவே இழுத்து அகலமாக்கிவிடும். கோகு குண்டாகத் தெரிந்தால் அதுதான் காரணம். படத்தின் அளவை மூல வடிவத்துக்கு மாற்றுங்கள். படத்தின் மணிகளைத் துடைக்கும் ‘இரைச்சல் நீக்கும்’ வசதியை அணைத்துவிடுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியைக் கண்டிப்பாக அணைக்க வேண்டும். வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் ஃபிலிமில் ஜப்பானிய டிவி கார்ட்டூன் கலைஞர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்திவைப்பார்கள். குத்து விழும் கணத்தில் மட்டும் படங்களைக் கூட்டி வேகத்தை ஏற்றுவார்கள். நின்று பாய்கிற அந்தத் தாளத்தில்தான் அடியின் கனம் இருக்கிறது. உங்கள் டிவி நடுவில் தானாக உருவாக்கிச் செருகும் படங்களை டோயியில் யாரும் வரையவில்லை.