சியோல் 2027: குழுவும் சனிக்கிழமை இரவும்

அன்புள்ள ஐயா,

கத்தோலிக்க இளைஞர்கள் திருத்தந்தையோடு கூடும் உலக இளைஞர் தினம் 2027 ஆகஸ்டில் சியோலில் நடக்கிறது. அதற்கு எங்கள் பங்கிலிருந்து 6 பேர் கிளம்புகிறோம். எனக்கு 23 வயது. மறைமாவட்டக் குழுவோடு போனால் செலவு கூடும், நாமே பதிவு செய்து டிக்கெட் எடுத்துவிடலாம் என்கிறார்கள் தோழிகள். எது நல்லது? ஓர் இரவு திறந்தவெளியில் தங்க வேண்டும் என்பது வீட்டில் பெரிய கவலை. அதற்கு எப்படித் தயாராவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

குழுவோடு போங்கள். தங்குமிடம், சாப்பாடு, அந்த ஓர் இரவைக் கழிக்கும் திடலில் உட்காரும் பகுதி எல்லாமே பெரும்பாலும் குழு வாரியாகத்தான் ஒதுக்குவார்கள். தனித்தனியே பதிந்தால் 6 பேருக்கும் ஒரே இடத்தில் தங்குமிடம் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

அதைவிடப் பெரிய காரணம் விசா. முந்தைய கூட்டங்கள் சிலவற்றுக்கு யாத்திரிகராக வந்தவர்களில் ஊர் திரும்பாதவர்களும் அடைக்கலம் கேட்டவர்களும் உண்டு. இது தூதரகங்களுக்கு நன்றாகத் தெரியும். இளவயதில் ஒருவர் தனியாக விண்ணப்பித்தால், ‘இவர் திரும்பி வருவாரா?’ என்பதுதான் அதிகாரியின் முதல் கேள்வி. ஆயர் இல்லத்துக் கடிதம், பொறுப்பாளராக வரும் குருவானவரின் பெயரோடு பயணிகள் பட்டியல், உங்கள் வேலை அல்லது படிப்புச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் ஒன்றாகப் போகும்போது அந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். ஏற்பாட்டுக் குழுவின் அழைப்புக் கடிதம் பொதுவாகப் பதிவுக் கட்டணம் கட்டிய பிறகே வரும். அதுவும் விசாவுக்கு உத்தரவாதம் இல்லை. ‘விசா நிச்சயம்’ என்று சொல்லிப் பணம் வாங்கும் முகவரிடம் போகவே போகாதீர்கள்.

பலர் சறுக்குவது பெயரில். திருமுழுக்குப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று, பாஸ்போர்ட்டில் இருப்பது வேறொன்று. பதிவிலும் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளதையே எழுத்து பிசகாமல் போடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், பதிவுப் படிவத்தில் அதை எப்படி நிரப்புவது என்று முதலிலேயே பொறுப்பாளரிடம் கேட்டு, எல்லா இடத்திலும் அதேபோல் நிரப்புங்கள். பாஸ்போர்ட் 2028 பிப்ரவரி வரையாவது செல்லுபடியாக வேண்டும். விசா கைக்கு வரும்முன் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள். பதிவோடு வரும் காப்பீடு பெரும்பாலும் கூட்ட நாள்களில் நேரும் விபத்துக்கானது. காய்ச்சல் வந்து படுத்தால் அது உதவாது, தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள்.

இனி அந்த இரவு. கூட்டம் ஆகஸ்ட் 3 செவ்வாய் முதல் 8 ஞாயிறு வரை. வழக்கமான வரிசைப்படி செவ்வாயன்று தொடக்கத் திருப்பலி, காலை நேரங்களில் மொழிவாரியாக ஆயர்களின் மறைக்கல்வி, வியாழன் திருத்தந்தைக்கு வரவேற்பு, வெள்ளி சிலுவைப்பாதை. சனிக்கிழமை திடலுக்கு நடை, இரவு விழிப்பு, அங்கேயே தூக்கம், ஞாயிறு காலை நிறைவுத் திருப்பலி. 2023இல் லிஸ்பன் இரவு விழிப்பில் சுமார் 15 லட்சம் பேர். அத்தனை பேரும் நற்கருணை ஆராதனையில் சத்தமே இல்லாமல் முழந்தாளிட்டிருந்தார்கள். அந்த ஒரு நேரத்துக்காகவே போகலாம் என்பேன்.

ஆனால் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். ஆகஸ்ட் தொடக்கத்தில் கொரியாவில் கடும் புழுக்கம், புயல் காலமும் அதுதான். 2023இல் அதே வாரத்தில் அங்கே சேமாங்கத்தில் நடந்த உலகச் சாரணர் ஜம்போரியில் நூற்றுக்கணக்கானோர் வெப்பத்தால் சுருண்டார்கள். பிறகு கானுன் புயல் வர, முகாமையே காலி செய்தார்கள். 2011இல் மாட்ரிட் இளைஞர் தினத்தில் இரவு விழிப்பின் நடுவே புயல்மழை அடித்தது. 2013இல் ரியோவில் மழையால் திடல் சேறாகி, நிறைவு நிகழ்ச்சிகளைக் கோப்பகபானா கடற்கரைக்கு மாற்றினார்கள். ஆகவே கடைசி நிமிட மாற்றத்துக்கு மனத்தளவில் தயாராக இருங்கள்.

பெரிய பெட்டி தங்குமிடத்திலேயே இருக்கட்டும். திடலுக்கு 5 கிலோ தாண்டாத முதுகுப்பை போதும்: பாய், மெல்லிய தூக்கப்பை, மழைக்கோட்டு, தொப்பி, தண்ணீர் பாட்டில், ஓஆர்எஸ் பொட்டலங்கள், பவர் பேங்க், சிறு டார்ச், வழக்கமான மாத்திரைகள். குடை வேண்டாம். பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், நெரிசலில் கண்ணைக் குத்தும். ஒரு குட்டி எஃப்எம் ரேடியோவும் இயர்போனும் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய கூட்டங்களில் மொழிபெயர்ப்பு அதில்தான் வந்தது, இப்போதைய ஃபோன்கள் பலவற்றில் எஃப்எம் கிடையாது. புதுச் செருப்பு, புது ஷூ கூடவே கூடாது. கிளம்பும்முன் ஒரு மாதமாவது வாரம் ஒருமுறை, பையை மாட்டிக்கொண்டே 10 கிலோமீட்டர் நடந்து பழகுங்கள். கொப்புளம் எங்கே வரும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை தாமதமாகப் போனால் நல்ல இடம் கிடைக்காது. உங்கள் பகுதிக்குள் நுழைந்ததும் கழிப்பறையிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் கொஞ்சம் தள்ளிப் பாய் விரியுங்கள். பக்கத்தில் படுத்தால் இரவெல்லாம் காலடிச் சத்தம்தான், தூக்கம் வராது. திரை தெரிவதைவிட ஒலிபெருக்கி கேட்பது முக்கியம். குழுவின் நடுவில் பெண்கள் படுக்க, இரண்டிரண்டு பேராக முறைவைத்து விழித்திருங்கள். கழிப்பறைக்கும் ஜோடியாகவே போங்கள். வீட்டாரிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்லுங்கள், பாதிக் கவலை தீரும்.

அவ்வளவு கூட்டத்தில் ஃபோன் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பிரிந்துபோனால் எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்பதை முன்னதாகவே முடிவு செய்யுங்கள். தங்குமிட முகவரியைக் கொரிய எழுத்திலும் பொறுப்பாளரின் எண்ணையும் ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஃபோன் செத்தாலும் டாக்சிக்காரரிடம் காட்டலாம். வழி பார்க்க நேவர் மேப் இறக்கிக்கொள்ளுங்கள், கொரியர்கள் பயன்படுத்துவது அதைத்தான். அவசரத்துக்கு 119.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து மெட்ரோவை நோக்கி நடப்பார்கள். நீங்கள் எழாதீர்கள். மிச்சமிருக்கும் ரொட்டியைத் தின்று, இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். அன்றிரவு விமானம் என்றால் இது முடியாது. ஆகவே திரும்பும் டிக்கெட்டைச் செவ்வாய்க்கிழமைக்குப் போடச் சொல்லிப் பொறுப்பாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.