டாக்சி ஓட்டியவரும் உங்கள் மகளும்

அன்புள்ள அம்மா,

மகள் பி.இ. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. படிப்பை விட்டுவிட்டு ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்கிறாள். வீட்டில் இரண்டு வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லை. "இது சோறு போடுமா சார்?" என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே போடாது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

அவள் ராவுல் பெக் என்ற இயக்குநரைக் காட்டித்தானே வாதாடுகிறாள்? அவர் கதையையே எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் அதை ஆஸ்கர் பரிந்துரையிலிருந்து ஆரம்பிப்பார்கள். நமக்கு வேண்டியது அதற்கு முந்தைய வருடங்கள்.

1953இல் கரீபியன் தீவு நாடான ஹைட்டியில் பிறந்தவர். அந்நாட்டை ஆண்ட துவாலியேயின் சர்வாதிகாரத்துக்குத் தப்பி, குடும்பம் ஆப்பிரிக்காவில் உள்ள காங்கோவுக்குப் போனது. 1960இல்தான் பெல்ஜியத்திடமிருந்து விடுபட்டிருந்த அந்த நாட்டில் படித்தவர்களுக்குப் பஞ்சம். பிரெஞ்சு தெரிந்த ஹைட்டிக்காரர்களுக்கு வேலை கிடைத்தது. அப்பா வேளாண் நிபுணர், அம்மாவுக்குத் தலைநகர மேயர் அலுவலகத்தில் உத்தியோகம். பையனின் பள்ளிப்படிப்பு காங்கோ, நியூயார்க், பிரான்ஸ் என்று மூன்று இடங்களில். பிறகு பெர்லினில் தொழிலகப் பொறியியலும் பொருளாதாரமும். ஆமாம் அம்மா, அவரும் எஞ்சினீயரிங்தான்.

அப்புறம் நியூயார்க்கில் ஒரு வருடம் டாக்சி ஓட்டினார். 1980 முதல் 85 வரை பத்திரிகையாளர், புகைப்படக்காரர். பெர்லின் திரைப்படக் கல்லூரியில் பட்டம் வாங்கியது 1988இல். வயது கிட்டத்தட்ட 35. இதை உங்கள் மகளிடம் ஒருமுறை சொல்லுங்கள்.

காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பா கொல்லப்பட்டதைப் பற்றிய ஆவணப்படம் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. அங்கே போய்ப் படம்பிடிக்க முடியாத நிலை. பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸின் தெருக்களைப் பிடித்தார், குடும்பப் புகைப்படங்களை வைத்தார், "என் அம்மா சொல்வார்" என்று ஆரம்பித்து அம்மா சொன்ன கதைகளைத் தன் குரலிலேயே சொன்னார். கையில் இருந்ததைக் கொண்டு செய்த படம் அது.

ஆஸ்கர் பரிந்துரை பெற்றது, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் பற்றிய 2016ஆம் ஆண்டுப் படம். பால்ட்வின் எழுதி முடிக்காமல் விட்டுப்போன சுமார் 30 பக்கக் குறிப்புதான் அதன் மூலம். குடும்பத்தாரிடம் உரிமை பெற்று, பழைய காட்சிகளைத் தேடித் திரட்டி, முடிக்கப் பத்து வருடம் போல ஆனது. இப்படிப்பட்ட வேலையில் கடிதம், ஒப்பந்தம், கணக்கு எல்லாம் உண்டு. (கேமரா பிடிப்பதுதான் வேலை என்று நினைத்து வரும் மாணவர்கள் இந்த இடத்தில்தான் ஓடிவிடுகிறார்கள்.) இந்த இரண்டு படங்களுக்கும் இடைப்பட்ட வருடங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. சொந்தத் தயாரிப்பு நிறுவனம் நடத்தினார், கதைப்படங்கள் எடுத்தார், 1996-97இல் ஹைட்டியின் கலாச்சார அமைச்சராக இருந்தார், பாரிஸின் லா ஃபெமி திரைப்படக் கல்லூரிக்குத் தலைவராகவும் இருந்தார்.

ஆக, படிப்பை விட வேண்டாம். மிச்சம் இருப்பது மூன்று செமஸ்டர். புனேயிலும் கொல்கத்தாவிலும் உள்ள மத்திய அரசுத் திரைப்படக் கல்லூரிகளில் இயக்கம் படிக்க ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், பி.இ. தாராளமாகப் போதும். நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயாராகட்டும். எடிட்டிங்கை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளட்டும். கல்யாண வீடியோ, நிறுவன விளம்பரம், தொண்டு நிறுவனப் படம் என்று வாடகைக்குக் காசு வருவது அந்த வழியில்தான். அதைக் கேவலமாக நினைத்தால் இந்தத் துறை அவளுக்குச் சரிவராது.

வரும் விடுமுறையில் போனிலேயே பத்து நிமிடப் படம் ஒன்று எடுத்து முடிக்கச் சொல்லுங்கள். முடித்தால் என்னிடம் அழைத்து வாருங்கள், பேசலாம். பாதியில் விட்டால் அதுவும் நமக்கு ஒரு பதில்தான்.

எதை எடுப்பது என்று கேட்பாள். நீங்கள் இருபது வருடமாக அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தீர்களே, அதையே எடுக்கட்டும். அவள் போனை நீட்டும்போது "போடி, வேலையைப் பாரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.