சனிக்கிழமை சாயங்காலத்துக்காரர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பழைய மேடை நகைச்சுவைக் கலைஞர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அதையொட்டி ஒரு கேள்வி. நான் 2006இல் திருமணமாகி லண்டன் வந்தேன். ஆங்கிலம் காதுக்குப் பழகட்டும் என்று சனிக்கிழமைகளில் பிபிசியின் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ என்ற நடனப் போட்டி பார்க்க ஆரம்பித்தேன். அதை நடத்திய புரூஸ் ஃபோர்சைத்துக்கு அப்போதே எண்பதை நெருங்கிய வயது. வாக்கியத்தின் நடுவில் தடுமாறுவார், அரதப்பழசான ஜோக்குகளாகச் சொல்வார், அரங்கமே சிரிக்கும். எனக்கு மட்டும் ஏன் என்று புரியாது. 2011இல் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். 2017இல் அவர் இறந்த செய்தி வந்தபோது பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மா கண்கலங்கினார். விளையாட்டு நிகழ்ச்சி நடத்துகிற ஒருவர் அப்படி என்ன சாதித்துவிட்டார்? இத்தனை வருடம் நின்றது திறமையாலா, இல்லை, பழகிய முகத்தை விட இந்த நாட்டுக்காரர்களுக்கு மனம் வராததாலா?

எஸ்., ஹாரோ, லண்டன்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்தது அவருடைய கடைசிப் பத்தாண்டுகளை. அதை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் பழகிய முகத்தை விட மனம் வரவில்லை என்று சொன்னீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த முகத்தை அவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தாராளமாகக் கைவிட்டிருக்கிறார்கள்.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்துவிடலாம். வடக்கு லண்டனில் எட்மன்டன், உங்கள் ஹாரோவிலிருந்து அதிக தூரமில்லை. 1928இல் பிறந்தார். அப்பா கார் பழுதுபார்க்கும் கராஜ் வைத்திருந்தார். பெற்றோர் இருவரும் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்தவர்கள். பையன் எட்டு வயதில் ஃப்ரெட் அஸ்டேரின் நடனப் படங்களைப் பார்த்துவிட்டு, கராஜின் தட்டைக் கூரைமேல் ஏறி டாப் டான்ஸ் பழகினான். 1939இல், பதினோரு வயதில், பிபிசி தொலைக்காட்சியில் தலைகாட்டினான். பிபிசியின் தொலைக்காட்சி தொடங்கியதே 1936இல்தான். 39 செப்டம்பரில் போர் வந்ததும் மூடிவிட்டார்கள். அந்தச் சின்ன இடைவெளிக்குள் இவர் புகுந்து வெளியே வந்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

அப்புறம் 1942. பதினான்கு வயதில் பில்ஸ்டன் என்ற ஊரின் தியேட்டர் ராயலில் ‘பாய் புரூஸ், த மைட்டி ஆட்டம்’ என்ற பெயரில் மேடையேறினார். அதாவது பொடியன் புரூஸ், வல்லமை பொருந்திய அணு. பெயர் என்னவோ பெரிதுதான். அதற்குப் பிறகு பதினாறு வருடம் அவரை யாருக்கும் தெரியாது. போரில் விமானப்படையில் இருந்த அண்ணன் பயிற்சியின்போது விபத்தில் இறந்தார். இவர் ஊர் ஊராகப் போய் ஆடினார், பாடினார், பியானோ வாசித்தார், அக்கார்டியன் வாசித்தார், ஜோக் சொன்னார். எல்லாம் தெரியும், எதிலும் பெயர் இல்லை.

இந்தப் பதினாறு வருடத்தில் ஒரு இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லண்டன் சோஹோவில் விண்ட்மில் தியேட்டர். அங்கே மேடையில் நிர்வாணப் பெண்கள் நிற்பார்கள். நிற்கத்தான் அனுமதி. அசைந்தால் தணிக்கை அதிகாரி கடையைச் சாத்திவிடுவார், அதனால் சிலைபோல நிற்பார்கள். காலையிலிருந்து ராத்திரிவரை காட்சிகள் தொடர்ந்து நடக்கும். அவற்றுக்கு நடுவே நகைச்சுவைக் கலைஞர்களுக்குச் சில நிமிடம். முன்வரிசையில் ஒருவன் எழுந்து போனால் அந்த நாற்காலியைப் பிடிக்கப் பின்வரிசை ஆண்கள் இருக்கைகளின் முதுகைத் தாண்டிக் குதித்து வருவார்களாம். அதற்குக் குதிரைப் பந்தயத்தின் பெயரையே வைத்திருந்தார்கள். இந்தக் களேபரத்துக்கு நடுவில் நின்று, உன்னைப் பார்க்க வராத ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும். ஜோக் நன்றாக இருந்தால் மட்டும் அங்கே போதாது. தாண்டிக் குதிக்கிறவனையே ஜோக்காக்கத் தெரிய வேண்டும். கண்ணெதிரே நடப்பதை உடனே பிடித்துக்கொள்ளும் பழக்கம் புரூஸுக்கு இப்படிப்பட்ட இடங்களில்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். (முதல் மனைவியையும் அவர் அங்கேதான் சந்தித்தார். அங்கே ஆடிக்கொண்டிருந்த பென்னி கால்வர்ட்.)

1958இல், தொழிலையே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், ‘சண்டே நைட் அட் த லண்டன் பலேடியம்’ கைக்கு வந்தது. ஞாயிறு ராத்திரி நேரலை. உலகத்தின் பெரிய பாடகர்களெல்லாம் வந்து போகும் மேடை. நடுவில் ‘பீட் த க்ளாக்’ என்று ஒரு பகுதி, கடிகாரத்தோடு பந்தயம். சாதாரணத் தம்பதிகள் மேடைக்கு வந்து ஏதாவது அசட்டு வேலையை நேரத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். இங்கேதான் நாடு அவரைக் கண்டுகொண்டது. தம்பதிகள் குழம்புவார்கள், சொன்னதைச் செய்யாமல் வேறெதையோ செய்வார்கள். இவர் இடுப்பில் கைவைத்து ‘ஐ ஆம் இன் சார்ஜ்’, இங்கே நான்தான் பொறுப்பு என்று அதட்டுவார். எதுவும் அவர் கட்டுப்பாட்டில் இல்லை என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு அதில்தான் வந்தது.

1961 டிசம்பரில் நடிகர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இருந்தது. பலேடியத்துக்கு வர வேண்டியவர்கள் யாரும் வரவில்லை. புரூஸும் நகைச்சுவை நடிகர் நார்மன் விஸ்டமும் மட்டும் இருந்தார்கள். இரண்டே பேர் முழு நிகழ்ச்சியையும் நேரலையில் ஓட்டினார்கள். சுவருக்குக் காகிதம் ஒட்டுகிற வேலையில் இருவரும் பசையில் புரள்கிற காட்சியை வயதானவர்கள் பல வருடம் கழித்தும் சொல்லிச் சிரித்தார்கள். விண்ட்மில்லிலும் ஊர் ஊரான கொட்டகைகளிலும் பழகாத ஒருவரை அன்றைக்கு அந்த மேடையில் தள்ளியிருந்தால் பாதியில் திரை போட்டிருப்பார்கள்.

உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் வயதை நீங்கள் எழுதவில்லை. எழுபதுகளில் அவர் சிறுமியாகவோ இளம்பெண்ணாகவோ இருந்திருந்தால், அவருடைய புரூஸ் ‘ஜெனரேஷன் கேம்’ புரூஸ். 1971இல் பிபிசியில் தொடங்கியது. மூலம் நெதர்லாந்து நிகழ்ச்சி. அப்பாவும் மகளும், அம்மாவும் மகனும் என்று ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறை ஜோடியாக வரும். ஒரு குயவர் சக்கரத்தில் களிமண்ணை வைத்து அரை நிமிடத்தில் அழகாகப் பானை எழுப்பிக் காட்டுவார். இப்போது உங்கள் முறை. வங்கி குமாஸ்தா அப்பா கைச்சட்டையை மடித்துவிட்டு உட்காருவார். களிமண் ஒரு பக்கமாகச் சாயும், அப்புறம் விரலிடுக்கில் பிதுங்கி மடியில் விழும்.

அந்த நேரத்தில் புரூஸ் என்ன செய்தார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில். பெரும்பாலும் எதுவும் சொல்ல மாட்டார். திரும்பி நேராகக் கேமராவைப் பார்ப்பார், அந்த நீண்ட தாடையோடு. ‘எனக்கு வாய்த்தவர்களைப் பார்த்தீர்களா?’ என்று வீட்டில் இருக்கிறவர்களிடம் கண்ணாலேயே முறையிடுவார். அடுத்த நொடி அந்த அப்பாவின் தோளில் கைபோட்டுக்கொள்வார். அந்த மனிதர் திங்கட்கிழமை வங்கிக்குப் போனால் அவமானப்பட்டவராக அல்ல, புரூஸோடு விளையாடிவிட்டு வந்தவராகப் போவார். ஒருவரை இத்தனை கேலி செய்து, அவரைச் சின்னவராக்காமல் வீட்டுக்கு அனுப்புவது எளிதில்லை. இன்றைய நிகழ்ச்சிகளில் போட்டியாளரை அழவைத்து அந்தக் கண்ணீரில் கேமராவை நிறுத்துகிறார்களே, அதற்குத் திறமை ஒன்றும் தேவையில்லை.

முடிவில் ஜெயித்தவரை உட்காரவைத்து, எதிரே கன்வேயர் பெல்ட்டில் பரிசுகளை ஓடவிடுவார்கள். நினைவில் நிற்பதையெல்லாம் சொல்லிச் சொல்லி அள்ளிக்கொள்ளலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு பஞ்சு பொம்மை கட்டாயம் வரும். அரங்கம் அதைக் கத்திச் சொல்லும். ‘நைஸ் டு சீ யூ, டு சீ யூ...’ என்று அவர் நிறுத்துவார், ‘நைஸ்!’ என்று கூட்டம் முடித்துவைக்கும். நீங்கள் ஸ்ட்ரிக்ட்லியில் கேட்டதும் இதைத்தான். முதல் தடவை கேட்கிறவருக்கு அது வெறும் வாக்கியம். அங்கே சிரித்தவர்களுக்கோ அது சின்ன வயதில் அம்மா அப்பாவோடு உட்கார்ந்திருந்த சனிக்கிழமை. புரியவில்லை என்று நீங்கள் வருத்தப்பட அதில் ஒன்றுமில்லை.

சரி, கைவிட்ட கதைக்கு வருகிறேன். 1978இல் பிபிசியின் போட்டிச் சேனலான ஐடிவி அவரைப் பெரிய எதிர்பார்ப்போடு இழுத்துக்கொண்டது. ‘புரூஸ் ஃபோர்சைத்ஸ் பிக் நைட்’ என்று சனிக்கிழமை மாலை முழுவதையும் அவரிடம் கொடுத்தார்கள். படுதோல்வி. எதிர்ச் சேனலில் அவருடைய பழைய ‘ஜெனரேஷன் கேம்’, இப்போது லாரி கிரேசன் என்ற நகைச்சுவைக் கலைஞரின் கையில், அவரைத் தோற்கடித்தது. தான் வளர்த்ததே தன்மேல் பாய்வது எப்படியிருக்கும்! அடுத்த வருடம் பிராட்வேயில் தனிமனித நிகழ்ச்சி, 1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளையாட்டு நிகழ்ச்சி. இரண்டும் அங்கே வேர்பிடிக்கவில்லை. நடுவில் ‘ப்ளே யுவர் கார்ட்ஸ் ரைட்’ என்ற, அடுத்த சீட்டு மேலா கீழா என்று ஊகிக்கும் சீட்டு விளையாட்டு அவரைத் தாங்கிப் பிடித்தது. தொண்ணூறுகளில் மறுபடி ஜெனரேஷன் கேம், பிறகு ‘த ப்ரைஸ் இஸ் ரைட்’. 2001இல் அதையும் ஐடிவி நிறுத்தியது. எழுபத்து மூன்று வயது. அதோடு கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

2003இல் ‘ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ’ என்ற அரசியல் நையாண்டி நிகழ்ச்சியை ஒரு வாரம் விருந்தாளியாக வந்து நடத்தினார். கூர்மையான நாக்குக்காரர்கள் உட்காரும் இடம், கிழவரை மென்று துப்பிவிடுவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. இவரோ தன் பழைய சீட்டு விளையாட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஈராக்கில் தேடப்பட்டவர்களின் படத்தை அமெரிக்க ராணுவம் சீட்டுக்கட்டாக அச்சடித்திருந்தது நினைவிருக்கும். அந்த முகங்களை வைத்து ‘மேலா, கீழா’ என்று விளையாட வைத்தார். அந்த நிகழ்ச்சியில் எப்போதும் இருக்கும் இயன் ஹிஸ்லப் நெளிந்தார், அரங்கம் அதிர்ந்தது. அடுத்த வருடம் ஸ்ட்ரிக்ட்லி தொடங்கியபோது அவருக்கு எழுபத்தாறு. அந்த நிகழ்ச்சியின் வடிவம் பிறகு உலகம் சுற்றியது. இந்தியில் ‘ஜலக் திக்லா ஜா’ என்று நாம் பார்த்ததும் அதன் பிள்ளைதான். ஆண்களில் மிக நீண்ட தொலைக்காட்சி வாழ்க்கை என்று 2012இல் கின்னஸ் பதிவு செய்தது. அடுத்த வருடம், எண்பத்தைந்தில், கிளாஸ்டன்பரி இசைவிழாவின் மேடையில் பாடினார்.

நீங்கள் சொன்ன தடுமாற்றம் உண்மை, மறுக்கவில்லை. கடைசி சில வருடங்களில் பார்ப்பதற்குச் சங்கடமாகவே இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009இல் ஸ்ட்ரிக்ட்லியின் ஒரு நடனக்காரர், தெற்காசியர்களை இழிவுபடுத்தும் சொல்லை உடன் ஆடிய பெண்ணிடம் பயன்படுத்தி மாட்டிக்கொண்டார். நாட்டுக்கு நகைச்சுவை உணர்வு வேண்டும் என்கிற தொனியில் புரூஸ் முதலில் பேசிவிட்டு, கண்டனம் வந்ததும் அப்படிப்பட்ட சொல்லை ஏற்க முடியாது என்று விளக்கம் கொடுத்தார். அந்தச் சொல்லைத் தெருவில் கேட்டு வளர்ந்த நம்மவர்கள் லண்டனில் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்த முதல் பேச்சு கசந்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. போட்டியாளரின் கூச்சத்தை அத்தனை நுட்பமாக அறிந்தவருக்கு இது உறைக்கவில்லை.

சர் பட்டம் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. எம்பிக்கள் கையெழுத்து வேட்டையெல்லாம் நடத்தி வாங்கிக்கொடுத்தார்கள், வாங்கியபோது எண்பத்து மூன்று. கைதட்டலுக்கு அவர் ஏங்கியது வெளிப்படையாகத் தெரியும், மறைக்கவும் மாட்டார். சிலருக்கு அது எரிச்சல். எனக்கு எரிச்சலில்லை. அந்தப் பசி இல்லாதவர் 2001லேயே கோல்ஃப் மைதானத்துக்குப் போயிருப்பார். கோல்ஃப் அவருக்கு உயிர். அவருடைய அஸ்தியைப் பலேடியம் மேடைக்கு அடியில் வைத்தது அந்தப் பட்டத்தைவிடப் பொருத்தமான மரியாதை என்று நினைக்கிறேன்.

அவரோடு சேர்ந்து போன ஒன்றுக்காக நான் வருத்தப்பட மாட்டேன். ஜெனரேஷன் கேமில் உடன் நிற்கும் ஆந்தியா ரெட்ஃபர்ன் புது உடையோடு வந்ததும் ‘ஒரு சுற்று சுற்றிக் காட்டு’ என்பார் புரூஸ், அவரும் சுற்றுவார் (பிறகு அவரையே மணந்துகொண்டார், பிரிந்தார், அது வேறு கதை). வயதான ஆண் பேச, இளம்பெண் பக்கத்தில் நிற்க என்ற அந்த ஏற்பாடு ஸ்ட்ரிக்ட்லி வரைக்கும் நீண்டது. டெஸ் டேலி அத்தனை வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2014இல் புரூஸ் விலகியதும் பிபிசி இன்னொரு ஆணைத் தேடவில்லை. கிளாடியா விங்கிள்மனை டெஸ்ஸோடு சேர்த்து இரண்டு பெண்களிடமே நிகழ்ச்சியைக் கொடுத்தது. பார்வையாளர்கள் குறைந்துவிடவில்லை.