பட்டப்பகலில் மிதந்த மீன்கள்: நோயா, நஞ்சா?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எனக்கு 10 சென்ட் பண்ணைக்குட்டை இருக்கிறது. ஐந்தடித் தண்ணீர். ஆவணியில் கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 400 குஞ்சு விட்டேன். போன வாரம் மழையில் மேல் வயல் தண்ணீர் மடை வழியாகக் குட்டைக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் காலை 11 மணிக்கு மீன்கள் துள்ளின, சுழன்றன, பிறகு ஒருக்களித்து மிதந்தன. சின்னது பெரியது என்றில்லாமல் பாதிக்கு மேல் போய்விட்டது. கால்வாயிலிருந்து எப்போதோ உள்ளே வந்த இரண்டு விராலும் செத்துக் கிடந்தன. ஓரமெல்லாம் கூனி இறால். கடையில் சொன்னபடி 20 கிலோ சுண்ணாம்பு போட்டேன். நோய்க்கு மருந்துப் பொடியும் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் போடவில்லை. மேல் வயலில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடித்தார்களாம். இது என்ன நோய்? மிச்ச மீனைச் சாப்பிடலாமா? தை பிறந்ததும் திரும்பக் குஞ்சு விடலாமா?

பதில்: அண்ணாச்சி, அந்தப் பொடியைப் பிரிக்க வேண்டாம். இது நோயில்லை. அதைச் சொல்லும் சாட்சி உங்கள் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது, செத்துப்போன அந்த விரால்.

குட்டையில் மீன் ஒரே நாளில் கும்பலாகச் செத்தால், நோயை நினைப்பதற்கு முன்னால் மூச்சுமுட்டலா நஞ்சா என்று பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் அடிச்சேறும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டை வகைகளுக்குச் சுகம். அது 2-க்குக் கீழே போகிற நேரம் விடியற்காலை. அப்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து நிற்கும். பெரிய மீன்தான் முதலில் சாகும். வெயில் ஏறிவிட்டால் பாசி வேலை செய்யத் தொடங்கி நிலைமை தெளியும். உங்களுக்கு நடந்ததோ 11 மணிக்கு. அதோடு விரால் மேலே வந்து காற்றைக் குடித்து வாழ்கிற மீன், சேற்றுத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். அதுவும் செத்திருக்கிறது என்றால் காரணம் மூச்சு இல்லை.

அடுத்த சாட்சி கூனி இறால். வயலில் அடிப்பது பூச்சியைக் கொல்லும் மருந்து. இறாலும் கணுக்கால் இனம், பூச்சிக்கு ஒன்றுவிட்ட உறவு. அதனால் பூச்சிமருந்து தண்ணீரில் கலந்தால் மீனுக்கு முன்னால் இறாலும் தும்பிப் புழுவும் நீர்ப்பூச்சிகளும் விழும். நோயாக இருந்தால் நாள்கணக்கில் இழுக்கும், புண்ணோ செதில் உதிர்வோ தெரியும், பெரும்பாலும் ஒரு வகை மீனில் தொடங்கும். இப்படி ஒரே பொழுதில் எல்லாம் சேர்ந்து சாகாது.

மேல் வயல்காரரிடம் என்ன அடித்தார் என்று சண்டை போடாமல் கேட்டுப் பாருங்கள். இலைச்சுருட்டுப் புழு என்றால் என் ஊகம் லாம்ப்டா சைஹலோத்ரின் அல்லது அது போன்ற பைரித்ராய்டு மருந்து. துள்ளலும் சுழலும் நரம்பில் கை வைக்கும் மருந்துக்கே உரிய அடையாளம். நரம்பில் செய்தி போய்வரும் வாசலை அது திறந்தபடியே நிறுத்திவிடும். தசை ஓயாமல் வெட்டி வெட்டி இழுக்கும். மாட்டுக்கும் நமக்கும் கல்லீரல் இதைச் சீக்கிரம் உடைத்துத் தள்ளிவிடும். மீனுக்கு அந்த வேகம் கிடையாது. போதாததற்குச் செவுள் வழியாக நஞ்சு நேரே ரத்தத்தில் ஏறுகிறது. தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது இந்த வகை மருந்துக்கு வீரியம் கூடும். ஆடியைவிட மார்கழியில் ஆபத்து அதிகம்.

அளவைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். 10 சென்ட்டில் ஐந்தடித் தண்ணீர் என்பது சுமார் 6 லட்சம் லிட்டர். லாம்ப்டா சைஹலோத்ரின் 5 சதவீத மருந்தில் 12 மில்லி, அதாவது பாட்டில் மூடி அளவு, அத்தனை தண்ணீரிலும் பரவினால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஆகும். ஆய்வகச் சோதனைகளில் பல மீன் இனங்கள் அதற்கும் குறைவான அளவிலேயே செத்திருக்கின்றன. குட்டையில் வண்டலும் சேறும் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால்தான் உங்களுக்குக் கொஞ்சமாவது மிஞ்சியது. தெளித்த டேங்கை வாய்க்காலில் அலசுகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறதே, வயலிலிருந்து வடிவதைவிடச் சில நேரம் அதுதான் பெரிய கேடு.

இன்னொன்று. மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டிருப்பார்கள். பச்சை என்றால் மீனுக்கும் ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிறம் எலி போன்ற பாலூட்டிகளில் பார்த்த நஞ்சளவைக் கொண்டது. மீன் அந்தக் கணக்கிலேயே இல்லை. ‘இயற்கையானது’ என்ற பேச்சும் அப்படித்தான். குஞ்சு விடுமுன் களைமீனை ஒழிக்க நாம் போடுகிற இலுப்பைப் புண்ணாக்கு இயற்கைதானே? அதிலுள்ள சபோனின் மீனின் ரத்த அணுவை உடைத்துக் கொல்கிறது.

சரி, சுண்ணாம்புக்கு வருவோம். மீன் உள்ளே இருக்கும்போது ஒரே தடவையில் 20 கிலோ போட்டது தப்பு. சுண்ணாம்பு போட்டால் காரத்தன்மை ஏறும். தண்ணீரில் கரைந்திருக்கும் யூரியா, சாணம், அழுகும் மீன் இவற்றிலிருந்து வரும் அம்மோனியா, கார அமில நிலை (pH) 7-ல் இருக்கும்போது நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது. 9-க்கு ஏறினால், நம் ஊர்ச் சூட்டில் கிட்டத்தட்டப் பாதி நஞ்சு வடிவத்துக்கு மாறிச் செவுளை அரிக்கும். இந்த நிலையைக் காட்டும் காரத்தாள் (pH தாள்) வாங்கி மாலையில் பாருங்கள். 8.5-க்கு மேல் இருந்தால் போர்வெல் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழும்படி விட்டு, பழைய தண்ணீரில் நாலில் ஒரு பங்கை மாற்றுங்கள். போர்வெல் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, சும்மா குழாயை உள்ளே போடுவதில் பலனில்லை. வெளியேற்றும் தண்ணீரை உங்கள் வயலுக்கே பாய்ச்சுங்கள். வாய்க்காலில் விட்டால் கீழே உள்ளவர் குட்டைக்கு அதே கதிதான்.

செத்த மீனை ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கருவாடு போடுவது, நாய்க்குப் போடுவது எதுவும் வேண்டாம். பிழைத்ததற்கு நாலு நாள் தீனி கூடாது. அவற்றின் உடம்பில் ஏறிய மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். ஆனாலும் நல்ல தண்ணீரில் ஒரு மாதமாவது விட்ட பிறகுதான் நான் பிடிக்கச் சொல்வேன், விற்கவும் சரி, வீட்டுக்கும் சரி.

பத்து நாள் கழித்து இன்னொரு அடி வரலாம், அதற்கும் தயாராக இருங்கள். பாசியைத் தின்று கட்டுக்குள் வைக்கும் நீர்ப்பேன் போன்ற சிற்றுயிர்கள் இந்த மருந்தில் முதலிலேயே செத்திருக்கும். தின்ன ஆளில்லாமல் பாசி பெருகி, குட்டை கரும்பச்சையாகி, ஒரு விடியற்காலையில் மீன் வாயைப் பிளக்கும். அப்போது நடப்பது நிஜமான மூச்சுமுட்டல். கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி அதிகம். விடியும் முன் மோட்டாரைப் போட வேண்டியதுதான்.

மேல் வயல்காரர் மேல் புகார் கொடுக்க இப்போது கையில் ஒன்றும் இல்லை. அன்றைக்கே கண்ணாடி பாட்டிலில் காற்றில்லாமல் ஒரு லிட்டர் தண்ணீரும், சாகும் நிலையில் இருந்த மீனும் ஐஸில் வைத்துத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் விசாரித்திருந்தால் வழி இருந்திருக்கும். ஆனால் புகாரைவிடப் பேச்சு நல்லது. மருந்து அடிக்க ஒரு நாள் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் மடையை அடைத்துப் பத்து நாள் திறக்காதீர்கள், அந்தப் பக்கக் கரையை ஓரடி உயர்த்துங்கள். ஜல்லியும் மணலும் போட்டு வடிகட்டலாம் என்பார்கள், கரைந்த மருந்து அதில் நிற்காது. அவருக்கும் ஒரு யோசனை: பயிர் வளரும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலை பாதிக்கும்வரை அடிக்கத் தேவையில்லை. நட்ட 37, 44, 51-ஆம் நாள்களில் ஏக்கருக்கு 2 சிசி டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி (புழுவின் முட்டையை அழிக்கும் சிறு குளவி) அட்டை கட்டினால் அவருக்குச் செலவும் குறையும்.

தையில் குஞ்சு விடுவதை நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொசுவலையில் சின்னக் கூண்டு கட்டி, அடிச்சேறு படும்படி ஆழத்தில் இறக்கி, பத்துக் குஞ்சுகளை மட்டும் விடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பத்தும் சுறுசுறுப்பாக நீந்தினால் மீதிக் குஞ்சுக்கு முன்பணம் கொடுக்கலாம். ஒன்றிரண்டு போனாலும் பதினைந்து நாள் பொறுத்து இன்னொரு தடவை பாருங்கள்.