கஞ்சா எண்ணெயும் அம்மாவின் வலியும்

அன்புள்ள அண்ணனுக்கு,

பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், இப்போது முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. ராத்திரி முழுக்க வலியில் முனகுகிறார். கஞ்சா எண்ணெய் கொடுத்தால் வலி போகும், கட்டியும் கரையும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். ஒரு பாட்டில் இருபதாயிரமாம். வாங்கட்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

வாங்க வேண்டாம். கட்டி கரையும் என்பதற்கு நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. அந்த பாட்டிலுக்குள் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. அதைக் கையில் வைத்திருந்தால் வழக்கும் உங்கள் மேல்தான் வரும்.

கஞ்சாவில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதிலிருந்து பிரித்தெடுத்த கேனபிடியாலை, குழந்தைகளை வாட்டும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. கீமோ வாந்திக்கான மாத்திரை அங்கே 1985லேயே வந்துவிட்டது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் வரும் தசை இறுக்கத்துக்கு, கஞ்சாவிலிருந்து எடுத்து வாயில் அடிக்கும் ஸ்பிரே பிரிட்டனில் உண்டு. அதே ஸ்பிரேயைப் புற்றுநோய் வலிக்குக் கொடுத்துப் பெரிய சோதனைகள் செய்தார்கள். மருந்தே இல்லாத வெற்று ஸ்பிரேயைவிட மேல் என்று நிரூபிக்க முடியவில்லை. உங்கள் அம்மாவுக்கு இருப்பது அந்த வலிதான்.

உங்கள் கடிதத்தில் மார்பின் என்ற பெயரே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அபினிலிருந்து வரும், கடும் வலியைத் தணிக்கும், விலை குறைந்த மாத்திரை அது. வலி வந்த பிறகு மட்டும் கொடுப்பதில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்து, வலி தலைதூக்கும் முன்பே கொடுப்பார்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து தருவார்கள். பழகிவிடுமே என்று பயந்து இந்த வலியில் ஒருவரைத் துடிக்க விடுவது கொடுமை. 1985 போதைப்பொருள் சட்டத்தின் லைசென்ஸ் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் மார்பின் வைப்பதையே விட்டுவிட்டன. 2014 திருத்தம் அதை எளிதாக்கியது. ஆனாலும் பல இடங்களில் நாம் கேட்டால்தான் கிடைக்கிறது. கேளுங்கள்.

அப்புறம், எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு உண்டு. ஒரே ஒரு தடவை கொடுத்தாலே பலருக்கு வலி நன்றாகக் குறைகிறது. அம்மாவுக்கு அது பொருந்துமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். காலில் பலம் குறைந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ அன்றைக்கே மலை இறங்கிவிடுங்கள், தள்ளிப்போடக் கூடாது.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி தணிப்பு சிகிச்சையும் இருக்கிறது. உங்கள் கிராம சுகாதார நர்ஸிடம் நாளைக்கே விசாரியுங்கள். வலி எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து ஃபைலோடு எடுத்துப் போங்கள். மருந்தின் அளவை முடிவுசெய்ய மருத்துவருக்கு அது உதவும்.