மீசை சீக்கிரம் வந்துவிடும்: பெற்றோர் கூட்டத்துச் சீட்டுகளுக்குப் பதில்

போன ஞாயிறு சத்துவாச்சாரியில் பெற்றோர் கூட்டம். கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன், கட்டாகக் குவிந்துவிட்டது. அப்புறம் கரண்டும் போய்விட்டது. படிக்காமல் விட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். நான் பிள்ளைகளோடு வேலை செய்யும் ஆலோசகர்தான், மருந்து எழுதும் டாக்டர் இல்லை.

குடியாத்தம், ஒரு அம்மா: மகன் பத்தாவது. போன வருஷம் வரை பெட்டிப் பாம்பாக இருந்தான். இப்போது கதவை அறைகிறான், போனைத் தூக்கி எறிகிறான். கூட்டாளிகளோடு சேர்ந்து பக்கத்துத் தெரு வண்டியில் பெட்ரோல் திருடியிருக்கிறான். கேட்டதற்கு எதிர்த்துப் பேசினான், ராத்திரி அழுதான். ரவுடியாகிவிடுவானா மேடம்?

அந்த அழுகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா. செய்தது அவனுக்கு உறைத்திருக்கிறது.

பயத்தையும் கோபத்தையும் சட்டென்று கிளப்பிவிடுவதில் அமிக்டலா என்ற பகுதிக்குப் பெரிய பங்கு. பாதாம் பருப்பு அளவுதான், மூளைக்குள் ஆழத்தில் இருக்கிறது. பருவ வயதில் அது நல்ல சூட்டில் இருக்கும். ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லவேண்டிய பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முதிர்ந்து முடிய 25 வயதுவாக்கில் ஆகிவிடும். மீசை மட்டும் சீக்கிரம் வந்துவிடுகிறது, நாமும் ஏமாந்துபோகிறோம்.

அடுத்தது கூட்டாளிகள். தை மாசம் நம்ம பக்கத்து மாடு விடும் விழாவைப் பார்த்திருப்பீர்கள். தனியாக வந்த பையன் தடுப்புக்கு வெளியே நிற்பான். நாலு சிநேகிதர்கள் கூட இருந்தால் ஓடிவரும் மாட்டைத் தொடப் பாய்வான். இதையே அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 306 பேரிடம் கம்ப்யூட்டர் கார் விளையாட்டு வைத்துச் சோதித்து 2005-இல் எழுதினார்கள். சிநேகிதர்கள் பார்க்கும்போது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த துணிச்சல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 24 தாண்டியவர்களுக்கு யார் பார்த்தாலும் ஒன்றுதான்.

ரவுடி விஷயத்துக்கு வருகிறேன். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73-இல் பிறந்த 1,037 பேரைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். அந்த ஆய்வில் வேலை செய்த டெர்ரி மாஃபிட், தப்பு வழியில் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு என்று 1993-இல் சொன்னார். சின்ன வயதிலேயே தொடங்கி ஆயுசுக்கும் நீள்கிறவர்கள் கொஞ்சம் பேர். பருவ வயதில் மட்டும் தடம் மாறி, வேலை குடும்பம் என்று வந்ததும் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நடுவில் இன்னும் சில வகைகள் உண்டு என்று பிற்பாடு சேர்த்தார்கள். 14 வயது வரை பெட்டிப் பாம்பாக இருந்தவன் அந்த நிறையப் பேரில் ஒருவனாக இருக்கத்தான் வாய்ப்பு.

காட்பாடி, ஓர் ஆசிரியர்: ஏழாம் வகுப்புப் பையன். நாய்க்குட்டியைச் சுவரில் அடிக்கிறான். சின்னப் பிள்ளைகளிடம் காசு பிடுங்குகிறான். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இப்படித்தானாம். அடித்தால் சிரிக்கிறான்.

சார், உங்கள் சீட்டைத்தான் இரண்டு தடவை படித்தேன். குடியாத்தத்துப் பையனுக்குச் சூடு அதிகம். இவனிடம் சூடே இல்லையோ என்று சந்தேகம் வருகிறது. இப்படிச் சில பிள்ளைகளுக்கு எதிரில் இருப்பவர் முகத்தில் உள்ள பயம் சரியாகப் பிடிபடாது. பயந்த முகத்தைக் காட்டி ஸ்கேன் எடுத்தால், இவர்களின் அமிக்டலா பொதுவாக மற்றப் பிள்ளைகளுடையதைவிடக் குறைவாகவே கிளம்புகிறது. பிரம்பு பலிக்காததற்கும் இது ஒரு காரணம். தண்டனையைவிடப் பரிசும், ஒட்டுதலாகப் பேசும் ஒரு பெரியவரும் இவர்களிடம் அதிகம் எடுபடும். நல்லது செய்த அன்றைக்கே, அந்த நிமிஷமே பாராட்டுங்கள்.

ஆனால் சிரிக்கிறவன் எல்லாம் கல்நெஞ்சக்காரன் இல்லை. வீட்டில் தினமும் அடி வாங்குகிறவன் வலியை மறைக்கவும் சிரிப்பான். அவன் வீட்டு நிலவரம் விசாரித்தீர்களா? அங்கே கொடுமை நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். இல்லை என்றாலும் பாகாயத்து சி.எம்.சி. மனநல மையத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது, பெற்றோரோடு அனுப்புங்கள். ஆசிரியர் அறையில் ‘சைக்கோ’ என்று பேசுவதை மட்டும் நிறுத்துங்கள். சமூக விரோத ஆளுமை என்ற பெயரை டாக்டர்களே 18 வயதுக்கு முன் எழுதுவதில்லை.

ஆரணி, ஒரு தாத்தா: எங்கள் காலத்தில் நாலு சாத்து சாத்தினால் அடங்கிவிடுவோம்.

ஐயா, உங்கள் அப்பா எதிரில் அடங்கினீர்கள். ஏரிக்கரையில் என்ன செய்தீர்கள் என்பதைப் பேரனிடம் சொல்லுங்கள், ரசிப்பான். அடி வாங்கி வளரும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுவதைத்தான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

ராணிப்பேட்டை: தோல் தொழிற்சாலைத் தண்ணீர் பிள்ளைகளின் மூளையைக் கெடுத்து இப்படி ஆக்குகிறதா?

அங்கே முக்கியக் கவலை குரோமியம். அது வேறு வகை ஆபத்து. நடத்தையோடு சேர்த்து நிறைய ஆராயப்பட்டது ஈயம். இந்தியாவில் பெட்ரோலில் ஈயத்தை 2000-இல் நிறுத்தியாயிற்று. பழைய பேட்டரி உடைக்கும் இடமும், உரிந்து விழும் பழைய பெயிண்டும் இன்னும் இருக்கின்றன. வீட்டுப் பக்கத்தில் அப்படி ஏதாவது இருந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துவிடலாம்.

ஆற்காடு, ஒரு வக்கீல்: 16 வயதுப் பையனைப் பெரியவன்போல விசாரிப்பது சரியா?

2015 சிறார் நீதிச் சட்டப்படி, குறைந்தபட்சம் 7 ஆண்டு தண்டனை உள்ள கொடுங்குற்றத்தில் 16 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பேச்சே. அதற்கு முன் சிறார் நீதிக் குழுமம் அவர்களின் மனத் திறனை மதிப்பிட வேண்டும். எனக்கு இடிப்பது இங்கேதான். அமைதியான அறையில், பகல் வெளிச்சத்தில் ஒழுங்காக யோசிக்கிற பையன், ராத்திரி 11 மணிக்குக் கூட்டாளிகள் நடுவில் எப்படி யோசித்தான் என்பதை எந்தக் கேள்வித்தாள் சொல்லும்?

ஆம்பூர், 17 வயது, பேர் இல்லை: கோபம் வந்தால் என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை அக்கா. தம்பியை அடித்துவிட்டேன். நான் சைக்கோவா?

இல்லைப்பா. சைக்கோ இந்தச் சீட்டை எழுதியிருக்க மாட்டான். கோபம் உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை எதுவும் காதில் ஏறாது, எனக்கும் ஏறாது. அதனால் சாந்தமாக இருக்கும்போதே அம்மாவிடம் ஒப்பந்தம் போடு: “நான் எழுந்து வெளியே போனால் பின்னாலேயே வராதே, அரை மணியில் வந்துவிடுவேன்.” ராத்திரி இரண்டு மணி வரை போனா? தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன விஷயத்துக்கும் பற்றிக்கொள்ளும். யாரிடமாவது பேசவேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டாயா?

குடியாத்தத்து அம்மாவின் சீட்டுக்குப் பின்பக்கம் பென்சிலில் இன்னொரு வரி இருந்தது: “பெட்ரோல் காசை நானே கொடுத்து விஷயத்தை முடித்துவிடட்டுமா?”

வேண்டாம் அம்மா. அவன் கையிருப்பிலிருந்தே எடுத்து, அவனே வண்டிக்காரர் வீட்டுக்குப் போய்க் கொடுக்கட்டும். கூட்டாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்து அனுப்புங்கள். நீங்கள் தெருமுனையில் நின்றால் போதும்.