பிழைக்க வந்தவர்களும் பிழைத்த நாடும்

கேள்வி: இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் போய் 200 ஆண்டு ஆன பிறகும் உரிமைப் பேச்சு ஓயவில்லை. பிழைக்கப் போனவர்களுக்கு அந்த நாடு பிழைப்புக் கொடுத்தது. அதற்குமேல் அந்த நாட்டுக்கு என்ன கடன்? போன இடத்தில் யாரோடும் கலக்காமல் தனித்தே வாழ்ந்தது அவர்கள் தவறுதானே?
– வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: திருப்பூரிலிருந்து இதைக் கேட்கிறீர்கள். வெளியூர் ஆள் ஒரு மாதம் வராவிட்டால் கம்பெனிகளின் கதி என்ன என்று உங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிழைக்கப் போனார்கள் என்பது சரி. யார் யாருக்குப் பிழைப்புக் கொடுத்தார்கள் என்பதைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் நிலம். கண்டிச் சீமையில் காப்பி போட வெள்ளைக்காரர்களுக்குக் காடு வேண்டியிருந்தது. 1840இல் ஒரு சட்டம் வந்தது. பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் அரசுடைமை என்றது அது. காட்டை எரித்துப் பயிரிடும் சேனைச் சாகுபடிக்கும் மாடு மேய்க்கவும் பரம்பரையாக அந்த நிலத்தைப் பயன்படுத்திய சிங்கள விவசாயியிடம் ஏது பத்திரம்? ஏக்கர் 5 ஷில்லிங்குக்குக் காடு கைமாறியது. வாங்கியவர்களில் அரசு அதிகாரிகளே பலர். ஆக, கண்டி விவசாயியின் மனக்குறை நியாயமானது. ஆனால் அவன் நிலத்தைப் பிடுங்கியது துரைமாரும் அரசும். புதுக்கோட்டையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த கூலியாளுக்கு அங்கே ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை. பழி மட்டும் இன்றுவரை கூலியாள்மீது இருக்கிறது.

உள்ளூர் ஆள் ஏன் தோட்ட வேலைக்குப் போகவில்லை? சோம்பல் என்று துரைமார் எழுதிவைத்தார்கள். காரணம் அதுவல்ல. வயல் வைத்திருப்பவன் நடவுக்கும் அறுப்புக்கும் ஊருக்குத் திரும்பிவிடுவான். தோட்டத்துக்கோ கூப்பிட்ட நேரத்தில் நிற்கிற, போக வேறிடம் இல்லாத ஆள் வேண்டும். பஞ்சமும் கடனும் துரத்திய தமிழ்நாட்டுச் சேரிகளில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

காப்பிக் காலத்தில் இது போய்வரும் வேலைதான். காப்பிப் பழம் பறிக்கச் சில மாதங்கள் ஆள் இருந்தால் போதும். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து, வேலை முடிந்ததும் அதே வழியில் திரும்பினார்கள். வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 1869இல் காப்பி இலையில் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் போட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1873இல் லண்டனுக்குப் போன தேயிலை 23 பவுண்டு, அவ்வளவுதான்.

குடியேற்றத்தின் தன்மையை மாற்றியது இந்தப் பயிர் மாற்றம்தான். தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே செடியில் கொழுந்தெடுக்க வேண்டும். தவறினால் இலை முற்றித் தரம் கெடும். பறித்த கொழுந்து அன்றைக்கே ஆலைக்குப் போய் வாட வேண்டும். ஏக்கருக்கு ஏறக்குறைய ஓர் ஆள், ஆண்டு முழுக்க, செடிக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். விரல் வேகத்துக்குப் பெண்கள் வேண்டும். அதனால்தான் துரைமார் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து லயத்தில் வைத்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், ஒரே கூரையின்கீழ் வரிசையாக அப்படிப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். 'வந்தவர்கள் திரும்பாமல் தங்கிவிட்டார்கள்' என்று கொழும்பு அரசியல்வாதிகள் பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார்களே, தங்கினால்தான் தொழில் நடக்கும் என்று ஏற்பாடு செய்தவர்கள் முதலாளிகள்.

இப்போது 'கொடுத்த' பிழைப்பு. ஆள் பிடித்துவரும் செலவை முதலாளி ஏற்றதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. ஆள் சேர்த்து மேய்க்கும் மேஸ்திரியான கங்காணி தன் ஊரிலும் சாதிசனத்திலும் ஆள் திரட்டுவார். ஊர்க்கடன் அடைக்க ஒரு முன்பணம், தோணிக்கூலி, வழிச்சோறு, மலைக்குளிருக்கு ஒரு கம்பளி. எல்லாம் அந்த ஆளின் பேரில் பற்று. தோட்டம் கங்காணிக்குக் கொடுக்கும், கங்காணி ஆளின் தலையில் எழுதுவார். சம்பளம் மாதக்கணக்கில் பின்தங்கும். அதுவரை தோட்டம் அரிசி கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குத் தன் கடன் எவ்வளவு என்று கங்காணி சொன்னால்தான் தெரியும்.

இதில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. கங்காணி வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்: இவரிடம் இத்தனை ஆள், இவ்வளவு ரூபாய் கடன், கட்டினால் விடுவிக்கிறேன். புதுத் தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி, ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் கங்காணிக்கு மேலும் ஒரு தொகை கொடுப்பார். அந்த மேல்தொகையும் ஆட்களின் கணக்கிலேயே ஏறும். தோட்டம் மாற மாறக் கடன் கூடியது, கூலி கூடவில்லை. தேயிலை விலை நன்றாக இருந்து ஆள் தட்டுப்பாடு வந்த ஆண்டுகளில் கூலிதானே உயர வேண்டும்? உயர்ந்தது கங்காணிக்குப் போன முன்பணம். சந்தை விதி எல்லாம் தோட்ட வாசலோடு நின்றுவிட்டது. 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று மூன்று விகிதம். கொழுந்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு ஆணுக்குச் சமமான கூலி 1984இல்தான் கிடைத்தது. எடை போடும் இடத்தில் நடப்பதையும் கொஞ்சம் பாருங்கள். காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்து ஒருத்தி மலையேறுகிறாள். மட்டம் பார்க்கும் மட்டக்கம்பைச் செடியின் வாது மேல் கிடத்தி, அதற்கு மேலே தலைநீட்டும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிறாள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசு. சாக்கு எடைக்கு, இலையின் ஈரத்துக்கு என்று இரண்டு மூன்று கிலோ கழிக்கிறார்கள். மழை இல்லாத நாளிலும் ஈரம் கழிகிறது. மீதி, தோட்டம் குறித்த அளவுக்குக் கீழே போனால் அன்றைக்கு 'அரைப் பேர்', அதாவது பாதிச் சம்பளம். அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்பது பல இடங்களில் வழக்கம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்று வைத்தால் ஒருத்தியின் ஒரு நாள் நாலு கிலோ தேயிலை.

அந்த நாலு கிலோவின் மீதுதான் ஒரு நாடு நின்றது. சுதந்திரத்தின்போது இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் சுமார் 90 விழுக்காடு தேயிலை, ரப்பர், தேங்காய். அதில் முதலிடம் தேயிலைக்கு. கொழும்புத் துறைமுகத்தின் வளர்ச்சி, மலை ரயில், வங்கிகள், கப்பல் கம்பெனிகள் எல்லாவற்றிலும் தோட்டத்துப் பணம் இருக்கிறது. 1940களில் இலங்கை இலவசக் கல்வி கொண்டுவந்ததை நாமெல்லாம் பாராட்டுகிறோம். அதற்கான வரிப்பணத்தில் பெரும்பங்கு தோட்ட ஏற்றுமதியில் வந்தது. தோட்டத்துப் பள்ளிகளையோ அரசு 1970களில்தான் எடுக்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்கும் மேலாக, பணம் கட்டியவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பது ஓர் அறையும் ஒரு வாத்தியாரும்தான்.

'கலக்கவில்லை' என்கிறீர்கள். தோட்டம் தனியார் நிலம். அனுமதியில்லாமல் உள்ளே போனால் அத்துமீறல் வழக்கு. தொழிற்சங்கம் கட்டப் போன கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் நுழைந்தார் என்றால் காவலின் கடுமை புரியும். அரிசி உள்ளேயே, மருந்து உள்ளேயே, பஞ்சாயத்தும் துரையிடமே. மலைச்சரிவுக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்கும் லயத்துக்கும் இடையில் முதலாளி எழுப்பிய சுவர் இது. அதற்குள்ளேயே அவர்கள் ஊரிலிருந்து கொண்டுபோனதைக் காப்பாற்றினார்கள். மாசி மாதக் காமன் கூத்து, தப்பு மேளம், பொன்னர் சங்கர் கதை, அருச்சுனன் தபசு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் காமன் கூத்து அற்றுப்போய்விட்டது. இலங்கை மலைநாட்டுத் தோட்டப் பகுதியான மலையகத்தில் இன்னும் ஆடுகிறார்கள். சுவர் எங்கே இளகியதோ அங்கே கலப்பும் நடந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் தேரைப் பார்க்கச் சிங்களவர்களும் வருகிறார்கள். தோசையும் வடையும் இல்லாத சிங்களச் சாப்பாட்டுக் கடை அபூர்வம்; இதில் யாழ்ப்பாணத்துப் பங்கும் உண்டு, மறுக்கவில்லை. 1972இல் நாட்டின் பெயரை மாற்றினார்கள், 'சிலோன் டீ' என்ற பெயரை மாற்றவில்லை. அதன் விளம்பரத்தில் உலகம் பார்க்கும் முகம் கொழுந்துக்கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் முகம்.

முகத்தை வைத்துக்கொண்டு ஆளை வேண்டாம் என்றது 1948. 1939இலேயே இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்துவிட்டது. 1948இல் தோட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. வேறு சில தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது ஆதாரம்? 1840இல் சிங்கள விவசாயியிடம் கேட்ட அதே பத்திரம்தான். 1949இல் விண்ணப்பித்துப் பெறும் வழி ஒன்றைத் திறந்தார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. வாக்குரிமையும் அந்த ஆண்டே போயிற்று. 1952 நாடாளுமன்றத்தில் மலையகத் தமிழர் ஒருவர்கூட இல்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. தொகுதி எண்ணிக்கையை வாக்காளர் எண்ணிக்கையை வைத்து அல்ல, மக்கள்தொகையை வைத்தே பிரித்தார்கள்: 75,000 பேருக்கு ஓர் இடம், 1,000 சதுர மைலுக்குக் கூடுதலாக ஓர் இடம். வாக்கில்லாத தோட்டத் தமிழர் தலைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. அதில் கிடைத்த இடங்களை வாக்குள்ள கண்டிச் சிங்களவர் நிரப்பினார்கள். இப்படி எண்ணிக்கைக்கு வேண்டும், வாக்குக்கு வேண்டாம். 1949இல் வாக்குரிமையைப் பறித்த அமைச்சரவையில் யாழ்ப்பாணத் தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலமும் இருந்தார் என்பதைத் தமிழ் வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. அவர் கட்சியிலிருந்து செல்வநாயகம் பிரிந்து போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாக. தொழிலாளியிடம் யாரும் கேட்கவில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்று பேர் வைத்து, பார்த்தேயிராத தாயகத்தில் இறக்கிவிட்டோம். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். கொழுந்தெடுப்பது தவிர வேறறியாதவர்களுக்கு வியாபாரக் கடன் கொடுத்தோம். கடனும் போய், கொடைக்கானல் மலையில் மரப்பட்டை உரிக்கும் வேலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்கள் உண்டு. அங்கே 'கள்ளத்தோணி', இங்கே கூடலூரில் 'சிலோன்காரன்'. 1946இல் இலங்கை மக்கள்தொகையில் 11.7 விழுக்காடாக இருந்தவர்கள் 2012 கணக்கெடுப்பில் சுமார் 4 விழுக்காடு. எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 ஆயிற்று.

கடன் என்ன என்று கேட்டீர்கள். பட்டியல் சின்னது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் ஒரு பாதை போடக்கூட உள்ளாட்சிப் பணத்தைச் செலவழிக்க இடம் தரவில்லை. திருத்தம் 2018இல் வந்தது, செலவு இன்னும் எல்லா இடத்துக்கும் வந்து சேரவில்லை. லயத்துக்குப் பதில் தனி வீடு கட்ட ஆளுக்கு 7 பேர்ச் நிலம் என்று முடிவானது. சுமார் 1,900 சதுர அடி. இந்திய உதவியில் வீடுகள் எழும்புகின்றன, ஆனால் தேவையோடு ஒப்பிட்டால் கொஞ்சம்; நிலப் பத்திரம் கைக்கு வராமல் குடியிருப்பவர்கள் பலர். பத்திரம் இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை, வேலையை விட்டால் வீடும் நிச்சயமில்லை. இன்று இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு சிறு தோட்டக்காரர்கள் தருவது. அவர்களில் பெரும்பாலோர் தெற்கின் சிங்களவர்கள், சொந்த நிலத்தில் பயிரிடுகிறவர்கள். பெரிய தோட்டங்களின் தரிசைத் தொழிலாளிகளுக்கே பிரித்துக் கொடுத்து அவர்களையும் சிறு தோட்டக்காரர் ஆக்கலாம் என்பது அங்கே பல காலமாக இருக்கும் கோரிக்கை. அதற்கும் முதலில் பத்திரம் வேண்டும்.